‘ஷேர் பண்ணு கண்ணா’ எதைக் கற்றுத்தருகிறது?

மழைக்கோ வெயிலுக்கோ வீட்டுக்குள் அடைபட்ட இரண்டு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு திண்டாடும் பெற்றோருக்கு, ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று ஒரு யோசனை சொல்கிறார்கள். விளையாட்டோடு விளையாட்டாகக் கொடுக்கும் குணத்தையும் பழக்கிவிடலாமாம். எதிரெதிரே உட்கார்ந்து பந்து உருட்டுங்கள். சொப்புச் சாமானில் சமைத்துப் பொம்மைக்கு ஊட்டச் சொல்லுங்கள். எதையாவது கொடுத்தால் கையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். பழைய பொம்மைகளை அட்டைப்பெட்டியில் போடவைத்து இல்லாத பிள்ளைகளுக்கு அனுப்புங்கள். விருந்தாளிக் குழந்தை வந்தால் ‘ஷேர் பண்ணு கண்ணா’ என்று பழக்குங்கள். எல்லாமே ஒரே மூச்சில், ஒன்றுக்கொன்று உயர்வு தாழ்வு இல்லாமல் சொல்லப்படுகின்றன.

இவை ஒரே தரத்தவை அல்ல என்பது என் வாதம். சில நிற்கின்றன. சில அரைகுறை. ஒன்றிரண்டு, எதை வளர்க்க வந்தனவோ அதையே கருக்குகின்றன. பிரித்துப் பார்ப்பதற்கு வேண்டிய ஆய்வுகள் கடந்த இருபது ஆண்டுகளில் நிறையவே வந்திருக்கின்றன. அந்த ஆய்வுகளையும் அப்படியே விழுங்கிவிட முடியாது. அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில், கொடுப்பது என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் வேறு வேறு செயல்கள் இருக்கின்றன. 2006-இல் ஃபெலிக்ஸ் வார்னெகனும் மைக்கேல் டோமசெல்லோவும் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட சோதனையில் 24 குழந்தைகள். எல்லாருக்கும் பதினெட்டு மாதம். முன்பின் தெரியாத ஒருவர் துணி காயப்போடும்போது கிளிப் கைநழுவி விழுகிறது. எட்டி எடுக்கப் பார்க்கிறார், முடியவில்லை. இன்னொரு முறை இரண்டு கையிலும் புத்தகக் கட்டோடு அலமாரிக் கதவில் போய் முட்டுகிறார். யாரும் கேட்கவில்லை, யாரும் ஏவவில்லை. 24-இல் 22 குழந்தைகள் ஒரு முறையாவது எழுந்து போய் எடுத்துக் கொடுத்தன, கதவைத் திறந்துவிட்டன. அதே ஆள் கிளிப்பை வேண்டுமென்றே வீசி எறிந்தபோது குழந்தைகள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஆக, கீழே கிடப்பதைப் பொறுக்கும் பழக்கம் அல்ல அது. அந்த மனிதரின் தேவை அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டுக் குழந்தைகள் பிறவியிலேயே வள்ளல்கள் என்று எழுதியவர்கள் உண்டு. அவசரம். கிளிப்பை எடுத்துக் கொடுத்ததில் குழந்தைக்கு என்ன நஷ்டம்? ஸ்வெட்லோவா, நிக்கல்ஸ், பிரவுனெல் ஆகிய மூவர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில்தான் கை வைத்தது. பதினெட்டு மாதக் குழந்தைகளையும் முப்பது மாதக் குழந்தைகளையும் வைத்து, உதவியைப் படிப்படியாகக் கடினமாக்கினார்கள். வேலைக்கு வேண்டிய ஒரு பொருளை எடுத்துத் தருவது எளிது. குளிரில் நடுங்குகிறவருக்குப் போர்வை வேண்டும் என்று ஊகித்துத் தருவது கொஞ்சம் கடினம். தன்னுடைய சொந்தப் போர்வையையே தருவது எல்லாவற்றையும்விடக் கடினம், இரு வயதுப் பிரிவினருக்கும். பெரிய குழந்தைகளுக்கும் அந்தப் பெரியவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. தன்னுடையதை விட்டுக் கொடுப்பதைத்தான் நாம் ஈகை என்கிறோம். நமக்கு வேண்டியது கடைசிப் படி. இரண்டு வயதுக்காரர்கள் நிற்பதோ முதல் படியில்.

பிரவுனெல் குழு அதற்கு முந்தைய ஆண்டில் செய்த இன்னொரு சோதனையும் இதையே வேறு வழியாகக் காட்டியது. இரண்டு வயதைத் தொட்ட குழந்தைகளும்கூட, எதிரில் இருப்பவர் தனக்கு வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னபோதுதான் பங்கு கொடுத்தன. இத்தனைக்கும் கொடுப்பதால் அவற்றுக்கு எந்த இழப்பும் கிடையாது. ‘பக்கத்துப் பாப்பா பார்த்துட்டே இருக்கு, இவனுக்குத் தோணுதா பாரு’ என்று நாம் அங்கலாய்ப்பதை இதோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். உண்மையில் அவனுக்குத் தோன்றுவதில்லை. அது மனக்குறை அல்ல, வயது.

இனி விளையாட்டுகளுக்கு வருவோம். மிக மோசமானதை முதலில் முடித்துவிடலாம்.

எந்த வீட்டிலும் காணக்கூடிய காட்சி. சித்தி வீட்டுக் குழந்தை வந்திருக்கிறது. நடுக்கூடத்தில் ஒரே ஒரு சிவப்பு ஜீப். வீட்டுக்காரக் குழந்தைக்கு இரண்டேகால் வயது. ஜீப்பின் பின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். வந்தவள் முன்பக்கத்தை இழுக்கிறாள். ‘என்து’ என்று ஒரு சத்தம். அம்மா சமையலறையிலிருந்து வருகிறாள். ‘பாப்பா நம்ம வீட்டுக்கு வந்திருக்கால்ல, கொஞ்ச நேரம் குடு, சமர்த்துல்ல.’ பதில் இல்லை. அம்மா குனிந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறாள்: முதலில் கட்டைவிரல், பிறகு மற்றவை. ஜீப் கைமாறுகிறது. அவன் தரையில் புரண்டு அழுகிறான். ‘ஷேரிங் வரவே மாட்டேங்குது இவனுக்கு’ என்று சித்தியிடம் சொல்கிறாள்.

இதில் அவன் என்ன கற்றான்? பொருள் பெரிய கைக்குச் சொந்தம் என்று கற்றான். பார்க்கப்போனால் அந்த அறையில் யாரும் எதையும் கொடுக்கவில்லை. ஒருவர் பிடுங்கினார், ஒருவர் பெற்றுக்கொண்டார். அதற்கும் மேலே ஒரு விஷயம் இருக்கிறது. ‘என்து’ என்ற சத்தத்தைச் சுயநலத்தின் முதல் குரலாகக் கேட்கிறோம். பிரவுனெல் குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், எது யாருடையது என்று தெளிவாகப் புரிந்துகொண்டிருந்த குழந்தைகள்தான் மற்றவர்களைவிட அதிகமாகப் பங்கு கொடுத்தன. யோசித்தால் இதில் வியப்பில்லை. தன்னுடையது என்று தெரியாதவனால் அதை எப்படித் தர முடியும்? ‘என்து’ என்று சொல்ல வந்த வயதும் ஈகைக்கு அடித்தளம் போடும் வயதும் ஒன்றே. நாமோ அந்தச் சொல்லைக் கேட்டதும் அடக்கப் பார்க்கிறோம்.

இந்தப் பிரச்சினைக்கு நூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு தீர்வு, நம் சென்னையோடு தொடர்புள்ளதாகவே இருக்கிறது. மரியா மாண்டிசோரி 1939-இல் அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் வந்தார். உலகப் போர் மூண்டதால் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவில் தங்கி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். அவர் வகுப்பறையின் ஒரு விதி எளிமையானது: ஒவ்வொரு சாதனத்திலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஒரு குழந்தை எடுத்துவிட்டால், அது தானாகத் திருப்பி வைக்கும்வரை மற்றது காத்திருக்க வேண்டும். ஆசிரியர் பிடுங்கிக் கொடுப்பதில்லை, ‘அவனுக்கும் கொடு’ என்று கெஞ்சுவதும் இல்லை. கையில் இருப்பது பறிபோகாது என்ற உறுதி ஒரு குழந்தைக்கு. தன் முறை வரும் என்ற உறுதி இன்னொன்றுக்கு. பகிர்வைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் பகிர்வுக்கு வேண்டியதைச் செய்கிறது இந்த ஏற்பாடு. வீட்டில் இதை நடத்துவது கஷ்டம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காத்திருக்கும் குழந்தையின் அழுகையை ஐந்து நிமிடம் தாங்கும் பொறுமையும், சித்தியின் முகம் கோணுவதைத் தாங்கும் தைரியமும் அம்மாவுக்கு வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம்.

அடுத்தது ஸ்டிக்கர். வார்னெகனும் டோமசெல்லோவும் 2008-இல் இருபது மாதக் குழந்தைகளிடம் செய்த சோதனை இதற்கு நேரடியான பதில். உதவிய குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு ஒவ்வொரு முறையும் விளையாடத் தகுந்த ஒரு சிறு பரிசு. இன்னொரு பிரிவுக்குப் பாராட்டு மட்டும். மூன்றாம் பிரிவுக்கு ஒன்றும் இல்லை. பிறகு பரிசு எதுவும் இல்லாத இரண்டாம் கட்டம். பரிசு வாங்கிப் பழகிய பிரிவுதான் மற்ற இரண்டையும்விடக் குறைவாக உதவியது. ஏற்கெனவே தானாக நடந்துகொண்டிருந்த ஒன்றுக்கு விலை வைத்ததும், விலை நின்றபோது செயலும் சுணங்கிவிட்டது. பாராட்டு கெடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ‘வெரி குட்’ என்று கை தட்டுவதால் குடி முழுகிவிடாது. ஆனால் ஸ்டிக்கர் அட்டை, நட்சத்திரக் குறி, ‘அவளுக்குக் கொடுத்தா உனக்கு சாக்லேட்’ என்ற பேரம் ஆகியவற்றை இந்த வயதில் கைவிட்டுவிடலாம். என்னைக் கேட்டால், மூன்றாவதுதான் நம் வீடுகளில் அதிகம். அதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது: ஈகையைக் கற்றுத்தர நாம் லஞ்சத்தைப் பாடநூலாக வைக்கிறோம்.

பந்துக்கு வருகிறேன். பார்க்க ஒன்றுமில்லாத விளையாட்டு இது. காலை அகட்டி எதிரெதிரே உட்கார்ந்து, நீ உருட்டு, நான் உருட்டுகிறேன். 2014-இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ரொடோல்ஃபோ பரகனும் கேரல் டுவெக்கும் மேலே சொன்ன 2006 சோதனையை நோக்கி ஒரு கூர்மையான கேள்வி எழுப்பினார்கள். சோதனைக்கு முன்னால் குழந்தையின் கூச்சம் போக ஆய்வாளர் சில நிமிடம் அதனோடு விளையாடுவது வழக்கம். அந்த விளையாட்டே உதவும் குணத்தைத் தூண்டிவிட்டிருந்தால்? ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவோடு ஆய்வாளர் மாறி மாறிப் பந்து உருட்டி விளையாடினார். மறு பிரிவில் அதே அறை, அதே நேரம், அதே பேச்சு; ஆனால் இவர் பந்து இவரிடம், குழந்தையின் பந்து குழந்தையிடம். பிறகு ஆய்வாளர் கைதவறி மேசையிலிருந்து பொருளைத் தள்ளிவிட்டார். மாறி மாறி விளையாடிய குழந்தைகள் மற்றவற்றைவிடத் தெளிவாகத் தெரியும் அளவுக்கு அதிகமாக எடுத்துக் கொடுத்தன.

கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் லாரா சிரெல்லியும் மற்றவர்களும் அதே ஆண்டு வெளியிட்டது இதற்குப் பக்கபலம். பதினான்கு மாதக் குழந்தையை ஒருவர் நெஞ்சோடு கட்டித் தூக்கிக்கொண்டு பாட்டுக்கு ஏற்பக் குதிக்கிறார். எதிரில் நிற்பவரும் அதே தாளத்தில் குதிக்கிறார், அல்லது தாளம் தப்பிக் குதிக்கிறார். ஒத்துக் குதித்தவருக்குக் குழந்தைகள் பிறகு அதிகம் உதவின.

இந்த இரண்டையும் வைத்து ‘பந்து உருட்டினால் ஈகை வளரும்’ என்று எழுதிவிடலாம், எழுதியும் இருக்கிறார்கள். அது அதிகப்படி. சிரெல்லி குழுவே அடுத்து ஒன்றைச் சோதித்தது. ஒத்துக் குதித்தவரிடம் மலர்ந்த இந்த உதவி, அறையில் இருந்த சம்பந்தமில்லாத வேறொருவருக்கும் போகிறதா என்று பார்த்தார்கள். போகவில்லை. ஆகவே இங்கே வளர்ந்தது குணம் அல்ல, உறவு. ‘இவர் என்னோடு மாறி மாறி ஆடுகிறவர், இவருக்கு நான் செய்வேன்’ என்ற கணக்கு அது. இதைக் குறைவாகச் சொல்லவில்லை. இரண்டு வயதில் கொடுக்கும் மனம் வேறு எந்த வாசல் வழியாக வரும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் குணத்துக்கும் உறவுக்கும் வித்தியாசம் தெரிந்தால், பந்து விளையாட்டை யார் ஆட வேண்டும் என்பது மாறிவிடும். அம்மாவோடு அந்த உறவு ஏற்கெனவே இருக்கிறது. ஜீப்புக்குச் சண்டை போட்ட சித்தி மகளோடு, ஜீப் வெளியே வருவதற்கு முன்பே, பெரியவர் ஒருவர் நடுவில் உட்கார்ந்து பத்து முறை பந்தை உருட்டவைத்தால் அதற்குப் பயன் இருக்கலாம்.

நம் பாட்டிகளின் கையிருப்பில் உள்ள ஒரு விளையாட்டை இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். குழந்தையின் உள்ளங்கையை விரித்து, அதில் தன் முழங்கையை ஊன்றிப் பருப்புக் கடைவாள் பாட்டி. கடைந்ததை ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பங்கு வைப்பாள்: அம்மாவுக்கு, அப்பாவுக்கு, தாத்தாவுக்கு, அக்காவுக்கு, கடைசியில் பாப்பாவுக்கு. பிறகு நண்டும் நரியும் கைவழியே ஊர்ந்து அக்குளுக்குப் போய்க் கிச்சுக்கிச்சு மூட்டும். வீட்டுக்குள், தரையில் உட்கார்ந்து, ஒரு பொருளும் இல்லாமல் ஆடும் விளையாட்டு. பங்கீட்டையே உள்ளடக்கமாகக் கொண்டது. இதைச் சோதனைக்கூடத்தில் யாரும் அளந்ததாக நான் படித்ததில்லை. ஆகவே இது என் மதிப்பீடு மட்டுமே.

இதன் வலு, ‘கொடு’ என்ற கட்டளை எங்கும் இல்லாததில் இருக்கிறது. யார் யாருக்கு உண்டு என்ற பட்டியல் உடம்பில் பதிகிறது. பங்கு வைக்காமல் கிச்சுக்கிச்சு வராது என்பதால் பங்குக்கும் சிரிப்புக்கும் முடிச்சு விழுகிறது. முறைக்குக் காத்திருப்பதும் இருக்கிறது. நண்டு எப்போது கிளம்பும் என்று குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். பலவீனம், எல்லாவற்றையும் பாட்டியே செய்வது. குழந்தையின் கை வெறும் பாத்திரம். இரண்டு வயதானதும் விளையாட்டைத் திருப்பிப் போட வேண்டும்: பாட்டியின் உள்ளங்கையில் குழந்தை கடையட்டும், யாருக்கு முதலில் என்று குழந்தையே தீர்மானிக்கட்டும். தாத்தாவை விட்டுவிட்டால், தாத்தா ‘எனக்கு எங்கே?’ என்று கேட்கட்டும். எதிரில் இருப்பவர் வாய்விட்டுக் கேட்டால்தான் இந்த வயதில் உறைக்கும் என்று மேலே பார்த்தோமே, அது இங்கே தானாகவே நடக்கிறது.

சொப்புச் சாமான் விளையாட்டு இதற்கு அடுத்த படி. குழந்தை பரிமாறுகிறது, பெரியவர் சாப்பிடுகிறார். இதைப் பற்றிப் பேச லாரா ஆக்னின், கைலி ஹாம்லின், எலிசபெத் டன் ஆகியோர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு உதவும். இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளின் முன் ஒரு குரங்குப் பொம்மை. குழந்தைக்குச் சிறு பிஸ்கட்டுகள் தரப்பட்டன. பிறகு ஆய்வாளர் எங்கிருந்தோ ஒன்றை ‘கண்டெடுத்து’ அதைக் குரங்குக்குத் தரச் சொன்னார். அடுத்து, குழந்தையின் சொந்தக் கிண்ணத்திலிருந்து ஒன்றைத் தரச் சொன்னார். முகமலர்ச்சியை மதிப்பிட்டவர்களின் கணக்குப்படி, வாங்கியபோதைவிடக் கொடுத்தபோதும், கண்டெடுத்ததைக் கொடுத்தபோதைவிடத் தன்னுடையதைக் கொடுத்தபோதும் குழந்தைகள் அதிகம் மகிழ்ந்தன.

அழகான முடிவு. ஆனால் குழந்தைகள் இருபது பேரைச் சற்றுத் தாண்டினால் அதிகம். மகிழ்ச்சி என்பது வீடியோவில் தெரிந்த சிரிப்பு. கொடுக்கச் சொன்னது ஒரு பெரியவர். அதே ஆய்வாளர்களில் சிலர் 2015-இல் வனுவாட்டுத் தீவு நாட்டின் கிராமக் குழந்தைகளிடமும் இதுபோன்ற போக்கைக் கண்டார்கள் என்பது முடிவுக்குக் கொஞ்சம் தெம்பு தருகிறது. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது வேறு ஒன்று. குரங்கு அந்த பிஸ்கட்டைத் தின்றது. சப்புக்கொட்டித் தின்றது. குழந்தை தன் பிஸ்கட் போய்விட்டதையும் பார்த்தது, போன இடத்தில் சந்தோஷம் பிறந்ததையும் பார்த்தது.

நம் வீட்டில் நடப்பது என்ன? குழந்தை முறுக்கை நீட்டும். தாத்தா ‘ஆம்’ என்று வாயருகே கொண்டுபோய்க் கடித்ததுபோல் பாவனை காட்டிவிட்டு, ‘நீ சாப்பிடு ராஜா’ என்று முழு முறுக்கையும் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒரு வயதில் இது பொருத்தம்தான்; ‘தா’, ‘இந்தா’ என்று கொண்டுபோய்க் கொண்டுவரும் ஆட்டத்தின் நீட்சி அது; கொடுத்தது திரும்பி வரும் என்ற நம்பிக்கையைத் தருகிறது. இரண்டரை வயதிலும் அதையே தொடர்ந்தால், கொடுப்பது என்றால் நீட்டுவது, நீட்டினால் பாராட்டு, முறுக்கு எப்படியும் நம்முடையது என்று குழந்தை படித்துக்கொள்கிறது. ஒரு நாள் தாத்தா நிஜமாகவே கடித்துவிட்டால் வீடே அதிரும் அழுகை. அந்த அழுகைக்குப் பயந்தே யாரும் கடிப்பதில்லை. கடித்துவிட வேண்டும் என்பது என் கட்சி. ஒரு சின்ன விள்ளலைக் கேட்டு வாங்கி, மென்று, ‘நல்லா இருக்குடா’ என்று சொல்லிவிட வேண்டும். பங்கு கொடுத்தால் குறையும் என்பதும், குறைந்தாலும் பரவாயில்லை என்பதும் சேர்ந்தே பழகட்டும்.

படப் புத்தகத்தையும் விளையாட்டோடு சேர்க்கலாம் என்றால், அதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் நாம் நினைக்கும் விதத்தில் அல்ல. 2013-இல் பிரவுனெல் குழு, இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளோடு பெற்றோர் படப் புத்தகம் பார்ப்பதைக் கவனித்தது. படத்தில் உள்ளவரின் உணர்ச்சியைக் குழந்தையையே சொல்லவைத்த பெற்றோரின் குழந்தைகள், பங்கு கொடுப்பதிலும் உதவுவதிலும் முன்னால் நின்றன. பெற்றோர் தாமே எவ்வளவு விளக்கினார்கள் என்பதைவிட, குழந்தையிடமிருந்து எவ்வளவு வரவழைத்தார்கள் என்பதே முக்கியமாக இருந்தது. ‘பாரு, இந்தப் பாப்பா அழுகுது, நாம யாரையும் அழவைக்கக் கூடாது’ என்பது உபதேசம். ‘இந்தப் பாப்பா ஏன் அழுகுது?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது வேறு. இது உடன்தொடர்பைக் காட்டும் ஆய்வு. கேட்டதால்தான் அந்தக் குணம் வந்தது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் செலவில்லாத பழக்கம், தீங்கும் இல்லை.

அட்டைப்பெட்டியில் பழைய பொம்மையைப் போட்டு அனுப்புவதை மூன்று வயதுக்குக் கீழே நான் ஏற்கவில்லை. வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாத ஈகை பெரியவர்களுக்கே சிரமம். எர்ன்ஸ்ட் ஃபெரும் மற்றவர்களும் 2008-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், ஸ்விட்சர்லாந்துக் குழந்தைகளிடம், அறையில் இல்லாத ஒரு குழந்தைக்கு மிட்டாயை விட்டுக்கொடுக்கிறாயா என்று கேட்டார்கள். மூன்று நான்கு வயதில் பத்தில் ஒருவர்கூட ஒப்பவில்லை. ஏழெட்டு வயதில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஒப்பினார்கள். மூன்று வயதைத் தாண்டிய பிறகு பெட்டியை எடுத்தால், பொம்மையைத் தேர்வது குழந்தையாக இருக்க வேண்டும். செர்னியாக், குஷ்னிர் இருவரும் 2013-இல் காட்டியது இதுதான். சோகமாக இருந்த நாய்ப் பொம்மைக்குத் தன் ஸ்டிக்கரைத் தரலாம், தானே வைத்துக்கொள்ளவும் செய்யலாம் என்று உண்மையான தெரிவு கொடுக்கப்பட்ட மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள், பிறகு வேறொரு பொம்மைக்கும் தாராளமாகக் கொடுத்தார்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லப்பட்டவர்கள் அந்த அளவுக்குக் கொடுக்கவில்லை. அம்மா இரவில் ரகசியமாகப் பொறுக்கிப் பெட்டியில் போட்டு, காலையில் ‘நீ எவ்வளவு நல்லவன்’ என்று சொல்வது யாருடைய ஈகை?

எல்லாவற்றையும்விட நான் மேலே வைப்பது, விளையாட்டு என்ற பெயரே இல்லாத ஒன்றை. ஹேரியட் ரைங்கோல்ட் 1982-இல், வீடுபோல் அமைத்த அறையில் பெற்றோரை மெதுவாக வீட்டு வேலை செய்யச் சொன்னார்: பெருக்குவது, துணி மடிப்பது, மேசையில் தட்டு வைப்பது. பதினெட்டு மாதம் முதல் முப்பது மாதம் வரையிலான குழந்தைகள் யாரும் அழைக்காமலே வந்து வேலையில் புகுந்தன. நம் வீட்டிலும் அப்படித்தான் வருகின்றன. துணி மடிக்கும்போது வந்து துண்டை இழுக்கும். வெங்காயக் கூடையைக் கவிழ்க்கும். ‘போ அந்தப் பக்கம், தொல்லை பண்ணாதே’ என்று துரத்திவிட்டு, மாலையில் கொடுக்கும் குணத்தை வளர்க்கும் விளையாட்டு என்ன என்று தேடுகிறோம். மடித்த துணியை உருப்படி உருப்படியாகக் கையில் கொடுத்து ‘இது அப்பாவோடது, கொண்டுபோய்க் கொடு’, ‘இது யாரோடது?’ என்று கேட்டுப் பாருங்கள். யாருடையது என்ற தெளிவு, கொண்டுபோய்க் கொடுக்கும் செயல், வாங்கியவர் முகம் என மூன்றும் கால்மணி நேரத்தில் கிடைக்கின்றன. துணி ஒழுங்காக மடியாது, அவ்வளவுதான்.

இப்போது ஆய்வுகளின் மேல் உள்ள ஐயத்துக்கு வருகிறேன். நான் இங்கே எடுத்துக்காட்டிய எந்த ஆய்வும் அந்தக் குழந்தைகளைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்து, வளர்ந்து வள்ளலானார்களா என்று பார்க்கவில்லை. பெரும்பாலானவை ஓர் அறை, ஒரு பெரியவர், சில நிமிடங்கள். பெரியவரோடு பகிர்வது எளிது. அவர் காத்திருப்பார், சிரிப்பார், பிடுங்கமாட்டார். சித்தி மகள் அப்படி அல்ல. குழந்தை ஆய்வுகளில் புகழ்பெற்றவைகூட எப்போதும் நிற்பதில்லை. உதவுகிற பொம்மையையே கைக்குழந்தைகள் விரும்புகின்றன என்ற 2007-ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பை, உலகின் பல ஆய்வகங்கள் சேர்ந்து பெரிய அளவில் மீண்டும் சோதித்து 2024-இல் வெளியிட்டபோது, அந்த விருப்பம் தென்படவே இல்லை. ஸ்மித், பிளேக், ஹாரிஸ் மூவரும் 2013-இல் காட்டியது இன்னும் கசப்பானது: மூன்று வயதுக் குழந்தைகளுக்கே பாதிப் பாதி பிரிக்க வேண்டும் என்ற நியாயம் தெரியும்; தன் முறை வரும்போது செய்வதில்லை. தெரிவதற்கும் செய்வதற்கும் நடுவே சில ஆண்டுகள் இருக்கின்றன. அந்த இடைவெளியை எந்த விளையாட்டும் ஒரு மழைக்காலத்தில் தூர்த்துவிடாது.

ஆகவே என் தீர்ப்பு இது. வீட்டு விளையாட்டின் மூலம் மூன்று வயதுக்குள் ஈகைக் குணத்தைக் கற்பித்துவிடலாம் என்ற உரிமைகோரலைத் தள்ளுபடி செய்கிறேன். மாறி மாறி ஆடும் விளையாட்டும், நிஜமாகப் பங்கு போகும் விளையாட்டும், வீட்டு வேலையில் சேர்த்துக்கொள்வதும் குழந்தையை அருகில் இருப்பவர்களுக்குக் கொடுக்கத் தூண்டும் என்ற சிறிய கூற்றை ஏற்கிறேன். பெற்றோருக்கு அதுவே போதுமானது. விரலைப் பிரித்துப் பிடுங்குவதும், ஸ்டிக்கர் கொடுத்து வாங்குவதும் இந்தச் சிறிய நன்மையையும் கெடுப்பவை. அவை கற்பித்தல் என்ற பெயருக்கே தகுதியற்றவை.

மூன்று வயது நிரம்பாத குழந்தை தன் பொம்மையைத் தரவில்லை என்பதற்காக அதைக் கருமி என்றோ பிடிவாதம் என்றோ விருந்தாளிகள் முன்னால் பெயர் சூட்ட, மேலே சொன்ன எந்த ஆய்விலும் இடம் இல்லை. உங்கள் வீட்டில் யாராவது அப்படிக் கூப்பிட்டால், பந்தை எடுப்பதற்கு முன் அதை நிறுத்தச் சொல்லுங்கள்.